ஆயாவைப் பற்றி எழுதப் போகிறவளுக்கு

பொன்னேரி
மார்கழி 12

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இரண்டு பக்கத்தையும் படித்தேன். மாசியில் வரும் ஆயாவின் முதல் வருஷத் தவசத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். நம் குப்பத்தில் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள், பிளெக்ஸ் வைப்பார்கள். யாரும் எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. நீ எழுத உட்கார்ந்துவிட்டாய். அதனால்தான் போனில் "நல்லா இருக்குடா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போகாமல், இதைக் கையால் எழுதி உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ எழுதியதில் 'அன்பின் உருவம்' என்று ஒரு வரி, 'பாசத்தின் சிகரம்' என்று ஒரு வரி, 'எல்லாரையும் சமமாக நேசித்தவர்' என்று ஒரு வரி இருக்கிறது. மூன்றையும் எடுத்துவிடு. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை சாலையோரம் நிற்கும் எந்த பிளெக்ஸிலும் அந்த வரிகளை ஒட்டலாம். படத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் பொருந்தும். உன் ஆயாவான என் அக்காவுக்கு மட்டும் பொருந்துகிற வரிதான் அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

எல்லாருக்கும் பிடித்த மனுஷியைப் பற்றி எழுதுவதில் ஒரு கஷ்டம் உண்டு. சண்டைக்காரி செத்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அக்காவைப் போன்றவள் செத்தால் "தங்கமான மனுஷி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு வராது. அதைக் கேட்டுக்கொண்டு நீ திரும்பி வந்தால் உனக்கும் அதுதான் எழுத வரும். நம் வீட்டுக்காரர்கள் பார்த்தது விடியுமுன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவளையும், பொழுது சாய்ந்து வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தவளையும்தான். நடுவில் இருந்த பகல் முழுக்க ஊராரிடம் இருக்கிறது. நீதான் வீடு வீடாகப் போய் அதைக் கேட்டு வாங்கி வர வேண்டும்.

முதலில் தேதிகளைப் பற்றி. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அவள் பிறந்த தேதி என்று போட்டிருப்பது யாரோ குத்துமதிப்பாக எழுதியது. அதை நம்பி எழுதாதே. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அவள் மனதில் ஒரு காலக்கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நமக்கு வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் சின்ன ராக்கெட்டை விட்டபோது உன் பெரிய அத்தை தொட்டில் பிள்ளை. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. மறுவருஷம் ஜூலையில் விட்டது ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு மேலே போய்விட்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தவன் உன் அப்பன். "விழுந்ததுக்கு அப்புறம், ஏறினதுக்கு முன்னாடி" என்று அக்கா சொல்வாள். புயல், வெள்ளம், பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோன கோடை, பாலம் வந்தது, இவைதான் அவளுடைய மற்ற வருஷங்கள். உன் புத்தகத்திலும் அவள் கணக்கையே முதலில் போடு, பக்கத்தில் வேண்டுமானால் இங்கிலீஷ் வருஷத்தைப் போட்டுக்கொள். அவள் வாழ்ந்த காலம் அவள் வாயிலிருந்து வந்ததுபோல இருக்கட்டும்.

அடுத்து அவள் தொழில். "மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினார்" என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டாய். எனக்கு மனசு ஆறவில்லை. அவளுடைய பழக்கவழக்கம் எல்லாம் அந்தக் கூடையிலிருந்துதான் வந்தது. ராத்திரி ஏரியில் சுத்து வலை கட்டியவர்கள் விடியும்போது கரைக்கு வருவார்கள். ஏலம் சீக்கிரம் முடிந்துவிடும். நல்ல இறாலும் பச்சை நண்டும் கம்பெனி ஏஜெண்டுகள் ஐஸ்பெட்டிக்குப் போய்விடும். மிஞ்சுகிற மடவை, கெழங்கான், ஊடான், பொடி இறால், இதெல்லாம்தான் கூடைக்காரிகளுக்கு. அதை வாங்கி, அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, ஈரச்சாக்கை மூடி, பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சில நாள் பொன்னேரியிலிருந்து ரயிலேறி மீஞ்சூர் வரை போவாள்.

எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்பது அந்த வீட்டுத் தெருவுக்குத் தெரியுமுன் அக்காவுக்குத் தெரியும். பால் சுறா கிடைத்த அன்று முதலில் அந்த வாசலுக்குத்தான் போவாள், பால் ஊறட்டும் என்று. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் வீட்டுக்குக் கெழங்கான். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டாலும் கருவாடு தரமாட்டாள். "உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்பாள். அவருக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று அந்த வீட்டம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். காசு இல்லாத வீட்டில் மீனைப் போட்டுவிட்டு வருவாள். நோட்டுப் புத்தகம் கிடையாது. நம் சமையல்கட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டிருப்பாள், எந்தக் கோடு எந்த வீடு என்பது அவளுக்கு மட்டும்தான் வெளிச்சம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவனை அந்தச் சுவரைத் தொடவிடாமல் நிறுத்தினாளே, ஞாபகம் இருக்கிறதா?

பஸ்ஸையும் எழுது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு வயதான அம்மாவை நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று டிவியில் காட்டினார்கள். அந்த அம்மா பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதைப் பார்த்து அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். அவளுக்கும் அது நடந்திருக்கிறது, பலமுறை. மழையில் நின்றிருக்கிறாள். அதை அவள் சமாளித்தது எப்படி என்றால், வழியில் ஏறுகிற டீச்சர்களையும் நர்ஸுகளையும் காலேஜ் பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகிவைத்திருந்தாள். கண்டக்டர் முகம் சுளித்தால் பஸ்ஸுக்குள் இருந்து நாலு குரல் வரும். அவளுடைய சிரித்த முகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு அவசியமும் இருந்தது. பிறவிக் குணம் என்று மட்டும் எழுதிவிட்டால் அவள் பட்ட பாடு மறைந்துபோகும். சிரிக்க முடியாத நாளிலும் அவள் சிரித்திருக்கிறாள், கண்ணு. அதை உழைப்பில் சேர்த்து எழுது.

பொன்னேரியில் நீ போக வேண்டிய வீடுகளில் ஒன்று மீனே வாங்காத வீடு. கரிகிருஷ்ணப் பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவில், தெருமுனையிலேயே கூடையை இறக்கிவைத்துவிட்டு, மதியத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவாள். அந்த வீட்டு மாமி மோர் கொடுப்பார். இருவருக்கும் விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை. சித்திரையில் பெருமாளும் அகத்தீஸ்வரரும் சந்திக்கிற திருவிழாவுக்கு மாமி சொல்லியனுப்புவார். அக்கா குப்பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை, அக்கா சொன்னதுமில்லை. மாமி இன்னும் இருக்கிறார். நீ பெண் பிள்ளை, உன்னிடம் சொல்லக்கூடும். வியாபாரத்துக்காகப் பழகினாள் என்று யாராவது சொன்னால் அதற்குப் பதில் அந்தத் திண்ணையில்தான் கிடைக்கும்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று உன் சித்தப்பா சொல்வான். கேட்காதே.

நம் ஏரியில் பாடு என்று ஒரு முறை இருப்பது உனக்குத் தெரியும். எங்கே வலை கட்டுவது, என்றைக்குக் கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் மூன்று ஊர்ப் பட்டினவரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. இன்று நல்ல இடத்தில் இறங்கியவன் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போக வேண்டும்; எல்லாருக்கும் எல்லா இடமும் சுற்றி வரும். வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இதைப் பாராட்டி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயம் தலைக்கட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான். தலைக்கட்டு என்கிற குடும்பக் கணக்கு ஆண் பேரில். மற்ற ஊர்க்காரர், மற்ற சாதிக்காரர் அதற்கு வெளியே. இதனால் ஏரியில் வலை அறுபட்டிருக்கிறது, படகு பிடிபட்டிருக்கிறது, ஊருக்கும் ஊருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருக்கிறது. ஆம்பிளைகள் பேசாத அந்தக் காலங்களில் அக்கா மற்றப் பக்கத்துப் பெண்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஏலக்கரையில், பஸ்ஸில், மகிமை மாதா கோயில் திருவிழாவில், எங்கே பார்த்தாலும். அதற்காக நம் ஊர்ப் பஞ்சாயத்தில் அவளைக் கண்டித்தார்கள். அவள் எழுந்து நின்று, "என் கூடையில இருக்கிற மீனுக்கு ஊர் தெரியாது" என்றாள். அதற்குமேல் அவளை யாரும் கேட்கவில்லை. இதைக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்டு எழுது, நான் சொன்னேன் என்று எழுதாதே.

இன்னொன்று. "எல்லாரையும் சமமாக நேசித்தவர்" என்ற வரியை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஏரியில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடுகிற இருளர் பெண்களை நீ பார்த்திருக்கிறாய். அவர்களிடம் அக்கா இறால் வாங்குவாள். என் சின்ன வயதில் அவர்களை வாசலுக்கு வெளியே நிற்கவைத்துத்தான் வாங்குவாள். குடிக்கத் தண்ணீர் தனிச் சொம்பில். அப்போது நம் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அவளும் செய்தாள். பிறகு மாறினாள். ஒரே நாளில் மாறவில்லை. அத்தானைப் பறிகொடுத்து, பிள்ளைகளோடு அவள் தனியாக நின்ற வருஷம், முதலில் அவள் கூடையில் கடனுக்கு இறால் போட்டவள் அந்த இருளர் பெண்களில் ஒருத்திதான். அதற்குப் பிறகு அந்தச் சொம்பை நான் பார்க்கவில்லை. கடைசிக் காலத்தில் நம் திண்ணையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவி அவள்தான், உனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து எல்லாரையும் சமமாகப் பார்த்தாள் என்று நீ எழுதினால், அவள் நடந்து கடந்த தூரம் இல்லாமல் போய்விடும். இதை எழுதுமுன் அந்தப் பாட்டியிடம் போய்ச் சொல். எழுதலாமா என்று அவரிடம் கேள். அவர் வேண்டாம் என்றால் எழுதாதே, அது அவருடைய கதையும்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நீ எழுதவே இல்லை. உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. கடல் உள்ளே வந்து போன பிறகு, நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்கள் தலைக்கட்டுக் கணக்கில் எழுதினார்கள். குடும்பத்துக்கு ஒரு ஆண் பெயர். புருஷன் இல்லாதவர்கள், புருஷன் விட்டுப்போனவர்கள், பிள்ளையோடு தாய்வீட்டில் ஒண்டியிருந்தவர்கள் யாருடைய பெயரும் அதில் ஏறவில்லை. அக்கா அந்த மேஜைக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். வீட்டு வரிசைப்படி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். எந்தக் குடிசையில் எத்தனை பேர், யார் மாசம், யாருக்குக் கண் தெரியாது, யார் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எல்லாம். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்கள், கூனங்குப்பத்துப் பெண்கள் பெயர்கூட அவள் வாயில் இருந்தது. முதலில் எழுந்து போகச் சொன்னார்கள். பொழுது சாயும்போது அவளைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாள் என்று அவளைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்த ஊர்க்கதையால் அன்று பல பெண்களுக்கு அரிசியும் பாத்திரமும் கிடைத்தது. உன் புத்தகத்தில் ஒரே ஒரு சம்பவத்துக்குத்தான் இடம் என்றால், நான் இதைத்தான் கேட்பேன்.

உன் சித்தப்பா பளிங்குக் கல்லில் பெயர் வெட்டி வைக்கலாம் என்கிறானாம். வைக்கட்டும், அது அவன் ஆசை. ஆனால் நீ ஒருநாள் பழவேற்காடு டச்சுக் கல்லறைக்குப் போய்வா. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்துப் பயந்து திரும்பியிருப்பாய். இப்போது உள்ளே போய் ஒவ்வொரு கல்லாகப் பார். 1613ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, நம் பக்கத்துத் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றி விற்றவர்கள் அவர்கள். கல்லில் பெயர், தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள்! முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் வாசிக்கலாம். அதன் அடியில் படுத்திருப்பவர் யாரோடு சிரித்துப் பேசினார், யாருக்குக் கடன் கொடுத்தார் என்று ஒரு சொல் அந்தக் கல்லிலிருந்து கிடைக்காது. அதே காலத்தில் இதே கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டேவியாவுக்கு அனுப்பப்பட்ட நம் ஜனங்களுக்குக் கல்லும் இல்லை, இங்கே பெயரும் இல்லை. அந்த மதிலுக்குள் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும். நம் பக்கத்து ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள்தான் எழுதியாக வேண்டும். வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஊர்க்கதை சேகரிக்க அனுப்பிய அனுபவத்தில் சொல்வது. "ஆயா எப்படிப்பட்டவங்க?" என்று ஒருபோதும் கேட்காதே. அதற்குத் "தங்கமானவ" என்ற பதில்தான் வரும். அவள் எங்கே உட்காருவாள், என்ன கொண்டுவருவாள், யாரைப் பற்றிப் பேசுவாள், எதற்குக் கோபப்படுவாள், உங்களுக்குள் சண்டை வந்ததா, எப்படிச் சமாதானம் ஆனீர்கள் என்று கேள். சண்டையைக் கேட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். காலையில் போகாதே, ஏலம், சமையல் என்று அலைந்துகொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக்கு மேல் போ. ஆம்பிளைகளிடம் கேட்க வேண்டுமென்றால் ராக்கெட் விடுகிற நாளைப் பார்த்துப் போ. கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்னாடியே அறிவித்துவிடுவார்கள், எல்லாரும் கரையிலேயே வலை தைத்துக்கொண்டிருப்பார்கள். வலை தைக்கிறவனுக்குக் கை ஓடும்போது வாயும் ஓடும். வெறுங்கையோடு போகாதே. கிழவிகளுக்கு வெற்றிலை, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு பிஸ்கட். போனை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டாதே. கேட்டுவிட்டு, பக்கத்தில் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்துகொள்.

அக்கா அனுப்பிய குரல் செய்திகளை அழித்துவிடவில்லையே? எழுதத் தெரியாதவளுக்கு அந்த மைக் பொத்தான் கிடைத்ததும் எவ்வளவு குதூகலம். உன் அத்தைகள், மாமா, சவுதியில் இருக்கும் பையன் எல்லாரிடமும் கேட்டு வாங்கி ஓரிடத்தில் சேர்த்து வை. போன் மாற்றினால் போய்விடும். மீன் விலை, மழை, யாருக்கு என்ன உடம்பு என்றுதான் அதில் இருக்கும். அப்படியே இருக்கட்டும், ஒன்றையும் கழிக்காதே.

இப்போது உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆயாவைப் போல என்னால் யாரோடும் பழக முடியவில்லை, அவர் பேத்தி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா என்னிடம் சொல்லி அழுதாள். நீ சின்ன வயதிலிருந்தே ஒதுங்கி உட்கார்ந்து கவனிக்கிற பிள்ளை. அக்காவுக்கு அது தெரியும். "இவ பேசமாட்டா, ஆனா ஒண்ணையும் விடமாட்டா" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவள் எங்கே போனாலும் அவளே பேசுவாள். கேட்டுக்கொண்டு உட்கார ஆள் இருந்ததில்லை. நீ அவள் போன வீடுகளுக்குப் போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தாலே போதும். அவர்கள் இத்தனை வருஷமாகச் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள். ஆயாவின் எல்லா உறவையும் நீ சுமக்க வேண்டியதில்லை, யாராலும் முடியாது. இரண்டு வீட்டை மட்டும் எடுத்துக்கொள். நல்லநாள் பெரியநாளுக்குப் போ, ஒரு போன் பண்ணு. அது போதும்.

அவள் உயிர் போகும்போது நீ சென்னையில் டூட்டியில் இருந்தாய் என்பதை இன்னும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாய் என்றும் தெரியும். அந்த ராத்திரி உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது அக்காதான். "காலையில வேலைக்குப் போற பொண்ணு, தூங்கட்டும்" என்றாள். பக்கத்தில் நான் இருந்தேன். இது உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பாவையும் கவனி. முன்பெல்லாம் நம் வாசலில் எந்நேரமும் நாலு செருப்பு கிடக்கும். பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொருவராக வருவது நின்றுவிட்டது. யார் மேலும் குற்றமில்லை, அவர்கள் அக்காவைப் பார்க்க வந்தவர்கள். ஆனால் அவன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறான், யாருக்கும் நம் மேல் பிரியமில்லை என்று. புத்தக வேலைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போ. பைக் ஓட்ட ஆள் வேண்டும் என்று சொல். போகிற வீட்டில் எல்லாம் அவனை உட்காரச் சொல்வார்கள். ஆயா மகன் என்று தலையைத் தடவுவார்கள். அவனுக்கு அது வேண்டும்.

கடன் விஷயம். கருமாதியன்று சிலர் உன் அப்பன் கையில் ரூபாயைத் திணித்து, "ஆயாவுக்குத் தர வேண்டியது" என்றார்களாம். அவன் வேண்டாம் என்று திருப்பிவிட்டானாம், பெருந்தன்மை என்று நினைத்து. இனி யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளச் சொல். பத்து ரூபாயானாலும் வாங்கச் சொல். சுவரில் இருக்கும் கோடுகளுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். அடைத்துவிட்டோம் என்ற நிம்மதி அவர்களுக்கு வேண்டாமா? அப்படிச் சேரும் பணத்தை உன் புத்தகத்தின் அச்சுக்கூலிக்கு வைத்துக்கொள், யார் யார் கொடுத்தார்கள் என்று கடைசிப் பக்கத்தில் போடு. எவ்வளவு என்று போடாதே.

எல்லாருக்கும் முன்னால் பழவேற்காட்டில் பாய் வீட்டுப் பாட்டியைப் போய்ப் பார். பனையோலையில் டப்பாவும் கூடையும் பின்னுகிறவர், ஆயாவின் வெற்றிலைப் பெட்டி அவர் பின்னிக்கொடுத்தது. நோன்புக்கஞ்சி அங்கிருந்து வரும், ஆடிக்கூழ் நம் வீட்டிலிருந்து போகும், இது உன் அப்பா பிறக்குமுன்பே தொடங்கியது. அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் எப்படி இருந்தாள் என்று சொல்ல இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். வயது எண்பதுக்கு மேல், போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறார். பொங்கல் லீவு வரை தள்ளாதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே போ. வலது காது கேட்காது, இடது பக்கமாக உட்கார். வெள்ளிக்கிழமை எனக்குப் போன் பண்ணு, நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.

உன் சின்னத் தாத்தா